மாடித் தொட்டியிலும் சிறு குளத்திலும் அல்லி வளர்ப்பது எப்படி?

ஆசையாக ஓர் அல்லிச் செடி வாங்கி வந்து, இரண்டு மாதத்தில் பச்சைத் தண்ணீரும் நாலு மஞ்சள் இலையும்தான் மிச்சம் என்று கைவிட்டவர்கள் நிறைய. பெரும்பாலும் செடி மீது குறை இருக்காது. போட்ட உரம் தண்ணீரில் கரைந்திருக்கும், அல்லது தொட்டி நிழலில் இருந்திருக்கும். அல்லி நிற்பது தண்ணீரில் என்றாலும் சாப்பிடுவது சேற்றில். சேறு கொழுத்திருக்க வேண்டும், அதன் மேல் நிற்கிற தண்ணீர் சத்தில்லாமல் இருக்க வேண்டும். கீழே வருகிற அளவுகளும் முறைகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். எல்லாமே தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலுக்குச் சொன்னவை. மலைப் பகுதிக்கு மாறுவதை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

எந்த அல்லியை வாங்குவது

முதலில், வாங்குவது அல்லிதானா என்று பாருங்கள். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம். வளர்ந்த பிறகு தண்ணீரை விட்டு மேலே எழுந்து நிற்கும். சின்னச் செடியாக இருக்கும்போது இரண்டுமே மிதக்கும் என்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு.

நர்சரிகளில் அல்லியை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: டிராப்பிக்கல் (வெப்ப மண்டல வகை), ஹார்டி (குளிர் தாங்கும் வகை). டிராப்பிக்கல் வகையின் பூ தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும். இலை விளிம்பு பல் பல்லாகவோ அலை அலையாகவோ இருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும். நடுவில் ஒரே குருத்து, அதன் அடியில் உருண்டைக் கிழங்கு. ஹார்டி வகையின் பூ பெரும்பாலும் தண்ணீர் மேலேயே உட்கார்ந்திருக்கும், இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும். அதன் கிழங்கு இஞ்சி போல் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். நட்டு வைக்கும் முறையே இரண்டுக்கும் வேறு என்பதால் எது கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். நீலப் பூதான் வேண்டும் என்றால் டிராப்பிக்கல் பக்கம்தான் போக வேண்டும். கடைகளில் கிடைக்கிற ஹார்டி வகைகளில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு உண்டு, நீலம் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஏரி குளங்களில் தானாக வளரும் வெள்ளல்லியும் செவ்வல்லியும் இரவில் பூப்பவை. அந்தி சாய்ந்ததும் விரிந்து, மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு இது பொருத்தமான குணம். ஆனால் இவை ஏரியில் பரவிப் பழகியவை. ஒரு செடி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு இலை விரிக்கும். 60 செ.மீ. தொட்டியில் அடைத்தால் இலை மேல் இலையாக ஏறிக்கொண்டு பூவே வராது. தரையில் தோண்டிய குளம் இருந்தால் மட்டும் இவற்றை யோசிக்கலாம். இலங்கையின் தேசிய மலரான நீல அல்லியும் குளத்தில்தான் செழிக்கும்.

தொட்டிக்கு முதல் செடியாக எங்கள் சிபாரிசு டாபன். வெளிர் நீலப் பூ, சின்ன இலை, 40 லிட்டர் தண்ணீரிலும் பூக்கும். மற்ற அல்லிகள் முரண்டு பிடிக்கிற நாலைந்து மணி நேர வெயிலிலும் இது சமாளிக்கும். இலை நடுவிலேயே குட்டிச் செடி முளைக்கும் வகை என்பதால் ஒன்று வாங்கினால் தெருவுக்கே கொடுக்கலாம். இன்னும் கொஞ்சம் பெரிய தொட்டி இருந்தால் ஊதா நிறத்துக்கு பனாமா பசிபிக். ஹார்டியில் வான்விசா நம் வெயிலுக்கு நன்றாக ஒத்துவருகிறது. தாய்லாந்தில் உருவான கலப்பின வகை இது. 2010இல் சர்வதேச அல்லிப் போட்டியில் முதலிடம் பெற்றது. சிவந்த ஆரஞ்சு இதழில் மஞ்சள் புள்ளி தெளித்தாற்போல் இருக்கும். சில சமயம் ஒரே பூவில் பாதி இதழ்கள் முழு மஞ்சளாக வந்து நிற்கும். அது நோய் இல்லை, அந்த வகையின் குணம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் ஹார்டி வகைகளை மட்டும் வாங்குங்கள். அங்கே குளிர்காலத்தில் டிராப்பிக்கல் சுருண்டுவிடும்.

இடமும் தொட்டியும்

ஒரு நாளுக்கு 6 மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும். வெளிச்சமான இடம் என்பது கணக்கில் சேராது. பால்கனியில் காலை வெயில் மூன்று மணி நேரம் மட்டும் வருகிறது என்றால், டாபன் உட்பட எதுவும் இலையோடு நின்றுவிடும். மரத்தடியும் வேண்டாம். நிழல் ஒரு பக்கம், விழுகிற சருகு மட்கித் தண்ணீரில் சத்தேற்றுவது இன்னொரு பக்கம்.

தொட்டியில் ஆழத்தைவிட அகலம் முக்கியம். வாய் விட்டம் 60 செ.மீ., உயரம் 45 செ.மீ. உள்ள வட்டத் தொட்டி ஒரு சிறிய அல்லது நடுத்தர அல்லிக்குச் சரியான அளவு. 40 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 113 லிட்டர் பிடிக்கும். தொட்டி, சேறு எல்லாம் சேர்த்து 130 கிலோவுக்குக் குறையாது. மாடியில் வைக்கிறவர்கள் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். நாலைந்து தொட்டி வைக்கிற எண்ணம் இருந்தால் ஒரு இன்ஜினீயரைக் கேட்டுவிடுவது நல்லது.

கறுப்பு பிளாஸ்டிக் டப்தான் மலிவு, சுலபமாகக் கிடைப்பதும் அதுதான். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் அது கொதித்துவிடும் என்பதுதான் சிக்கல். வெளிப்பக்கம் வெள்ளை பெயின்ட் அடிக்கலாம், அல்லது சுற்றிலும் சாக்கைக் கட்டி நனைத்து விடலாம். அடியில் தெர்மகோல் அட்டையோ மரப் பலகையோ போட்டால் தளத்துச் சூடு ஏறாது. தொட்டி பெரிதாக இருக்க இருக்கத் தண்ணீர் சூடாவது மெதுவாகும். 20 லிட்டர் கிண்ணத்தில் வளர்ப்பவர்களுக்குக் கோடையில் வருகிற பாதித் தொல்லைக்குக் காரணம் இதுதான்.

சிமென்ட் தொட்டி அழகு, சூடும் ஏறாது. ஆனால் புதுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். மீன் செத்து மிதக்கும், அல்லி இலை வெளுக்கும். தண்ணீர் நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டைப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். இதே போல் மூன்று முறை. பிறகு சுத்தமான தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் கழித்து மீன் கடையில் கிடைக்கிற பிஹெச் பட்டையால் பாருங்கள். 8க்குக் கீழே வந்தால் நடலாம், இல்லாவிட்டால் இன்னொரு முறை.

எந்தத் தொட்டியானாலும் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே ஒரு துளை போட்டு, அதில் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் தொட்டி வழியும்போது மீன்கள் தளத்தில் கிடக்காமல் இருக்க இந்தத் துளைதான் காப்பு.

தரையில் குளம் தோண்டுகிறவர்களுக்கு: நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் 1.2 மீட்டர், ஆழம் 60 செ.மீ. இருந்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் பிடிக்கும். நடுத்தர அல்லி இரண்டு தாராளமாக வளரும். தார்ப்பாய் அளவுக்கு நீளம், அகலம் ஒவ்வொன்றுடனும் ஆழத்தின் இரண்டு மடங்கையும், கரையில் மடக்க 60 செ.மீ.யையும் கூட்டுங்கள். மேற்சொன்ன குளத்துக்கு 3.3 மீட்டருக்கு 3 மீட்டர் வரும். பாய் விரிக்கும் முன் கல், வேர் எல்லாம் பொறுக்கி, 5 செ.மீ. மணல் பரப்புங்கள். தென்னையிலிருந்தும் பெருச்சாளி வளையிலிருந்தும் தள்ளியே தோண்டுங்கள். இரண்டுமே பாயைக் கிழிக்கும். வீட்டில் தவழும் குழந்தையோ நடை பழகும் குழந்தையோ இருந்தால் குளமானாலும் தொட்டியானாலும் மேலே கம்பி கிரில் போடாமல் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

சேறு

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இதுதான்.

செடியை நேரடியாகத் தொட்டியின் அடியில் நடாமல், தனிப் பாத்திரத்தில் நட்டு உள்ளே இறக்குங்கள். உரம் வைக்க, பிரித்து நட, நோய் வந்தால் வெளியே எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி. 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள பிளாஸ்டிக் பேசின் போதும். 10 லிட்டர் மண் பிடிக்கும். துளை தேவையில்லை. ரோஜாத் தொட்டி மாதிரி உயரமாக, வாய் குறுகலாக இருப்பதை எடுக்காதீர்கள், குறிப்பாக ஹார்டி கிழங்குக்கு. அது ஓட இடமில்லாமல் விளிம்பில் முட்டி நின்றுவிடும்.

மண் கனமாக, களிப்பாக இருக்க வேண்டும். ஏரி வண்டல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கரிசல் பூமிக்காரர்கள் தோட்டத்து மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாதிரி இடங்களில் நர்சரிச் செம்மண் இரண்டு பங்குக்கு, களிமண் ஒரு பங்கு கலந்தால் சரியாக வரும். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பென்சில் பருமனில் உருட்டிப் பாருங்கள். ஐந்து செ.மீ. நீளத்துக்கு உடையாமல் வந்தால் போதுமான களி இருக்கிறது. இன்னொரு சோதனை, ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், பாதி தண்ணீர் போட்டுக் குலுக்கி வைப்பது. மேலே குப்பையாக மிதந்தால் அந்த மண் தொட்டிக்கு ஆகாது.

மாடித் தோட்டத்துக்கென்று பையில் விற்கிற கலவை மண் அல்லிக்கு விஷம் மாதிரி. அதிலுள்ள தேங்காய் நார்க்கழிவு மிதக்கும். மண்புழு உரம் கரைந்து தண்ணீரைப் பச்சையாக்கும். மட்காத பாகம் சேற்றுக்குள் காற்றில்லாமல் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் எடுத்து வேரைக் கருக்கும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் மற்ற செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஊற்றினால் சாப்பிடுவது பாசிதான்.

பேசினின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு நன்றாக மட்கிய, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட மாட்டெருவைப் பரப்பி, மேலே முழுக்க மண் போடுங்கள். எரு இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரை மண் நிரப்பி, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். காற்றுக் குமிழிகள் எல்லாம் வெளியேறி மண் இறுகி உட்காரும். இதைச் செய்யாமல் அவசரமாக இறக்கினால் குமிழி கிளம்பும்போது செடியையும் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

நடுவது

கூரியரில் வரும் செடி ஈரக் காகிதத்தில் சுற்றி, வேரோடு வெறுமனே வரும். இலைகள் வாடி நசுங்கியிருந்தால் கவலை வேண்டாம். கிழங்கை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல செடி. கொழகொழவென்று நாற்றமடித்தால் திருப்பி அனுப்புங்கள். முற்றிய இலை, கறுத்த வேர் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுச் சுருண்ட இளம் இலைகளை மட்டும் விடுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறம் வருகிற அளவுக்குக் கரைத்து, அதில் 10 நிமிடம் போட்டெடுத்து அலசினால் ஒட்டிவந்த நத்தை முட்டையும் பாசியும் பெருமளவு போய்விடும்.

டிராப்பிக்கல் செடியைப் பேசினின் நடுவில், வேர் முழுவதும் மண்ணுக்குள் போக, குருத்து மட்டும் மண் மட்டத்துக்கு மேலே தெரியும்படி நடுங்கள். ஹார்டி கிழங்கை விளிம்பு ஓரமாக வைத்து, வெட்டுப்பட்ட பழைய பக்கம் பேசினின் சுவரைத் தொட, குருத்துப் பக்கம் நடுவைப் பார்க்கச் சாய்வாகப் படுக்க வையுங்கள். நேராகப் படுக்கவைப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் இடைப்பட்ட சாய்வு. அது வளர வளர பேசினின் குறுக்கே ஓடி எதிர்க்கரையைத் தொட ஒரு வருஷம் ஆகும். இரண்டு வகையிலும் குருத்தைப் புதைத்தால் அழுகும், மறக்க வேண்டாம்.

மண் மேல் 1 முதல் 2 செ.மீ. கனத்துக்குக் கழுவிய பெருமணலோ சிறு கூழாங்கல்லோ பரப்புங்கள், குருத்தைச் சுற்றி மட்டும் இடம் விட்டு. மீன் கிளறினாலும் சேறு கலங்காமல் தடுப்பது இந்த மணல்தான். சேற்றுச் சத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்து வைக்கும் மூடியும் இதுதான்.

இனி ஆழம். புதுச் செடிக்குக் குருத்துக்கு மேல் 10 செ.மீ. தண்ணீர் போதும். 40 செ.மீ. தண்ணீர் உள்ள தொட்டியில் 15 செ.மீ. உயரப் பேசினை அப்படியே இறக்கினால் மேலே 25 செ.மீ. நிற்கும். அதனால் அடியில் இரண்டு செங்கலைப் படுக்கவசத்தில் அடுக்கி, அதன் மேல் வையுங்கள். மூன்று நாலு இலை மேலே வந்து மிதந்த பிறகு ஒரு செங்கலை எடுங்கள், பத்து நாள் கழித்து அடுத்ததை. தண்ணீர் ஏற ஏற இலைக்காம்பும் நீளும், ஆனால் அதற்கு நாலைந்து நாள் பிடிக்கும். ஒரே நாளில் முழு ஆழத்தில் இறக்கினால் இலைகள் எல்லாம் மூழ்கி, மீண்டும் மேலே வருவதற்குள் கிழங்கிலிருக்கிற சேமிப்பு தீர்ந்துவிடும். வளர்ந்த செடிக்கு 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் நல்லது.

பேசினை இறக்கும்போது ஒரு பக்கம் சாய்த்து, மெதுவாக. தண்ணீர் இரண்டு மூன்று நாள் கலங்கலாகத்தான் இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற இடங்களில் மழைநீர் கலப்பது நல்லது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் 1,000க்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை ஊற்றவே கூடாது, உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அல்லியை ஊற்றுக்குக் கீழேயோ மோட்டார் தண்ணீர் கொட்டும் இடத்திலோ வைக்காதீர்கள். இலை மேல் ஓயாமல் தண்ணீர் தெறித்தால் இலை அழுகும். ஓட்டமில்லாத தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

உரம்

நட்டு மூன்று வாரம் எதுவும் வேண்டாம். புது இலை தொடர்ந்து வர ஆரம்பித்த பிறகு, 10 லிட்டர் பேசினுக்கு மாதம் ஒரு முறை 5 கிராம் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்), அதாவது ஒரு டீஸ்பூன் தலைதட்டி. இதை அப்படியே குத்திவிடாமல் இப்படிச் செய்யுங்கள்: பிசைந்த களிமண்ணை நெல்லிக்காய் அளவில் நாலு உருண்டையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் குழி போட்டு டிஏபியில் கால் பங்கை வைத்து மூடி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். உலர்ந்த உருண்டையைப் பேசினின் விளிம்போரமாக, குருத்திலிருந்து முடிந்தவரை தள்ளி, விரலால் 8 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி, வாயை மண்ணால் அடைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இருபது முப்பது செய்து டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

குறுக்கு வழியில் காகிதத்தில் சுற்றிப் புதைப்பவர்களும் உண்டு. ஆழமாகப் போனால் அதுவும் சரிதான். மேலாகப் போய்விட்டால் அம்மோனியா கரைந்து, மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அப்படி ஆனால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற 19:19:19 இரண்டும் வேண்டாம். பூ வந்தும் இலை வெளிறியே இருந்தால் ஒரு மாதம் டிஏபிக்குப் பதில் 17:17:17 காம்ப்ளக்ஸ் அதே அளவில், அதே உருண்டை முறையில் கொடுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாகும்போது உரத்தை நிறுத்திவிடுங்கள்.

நல்ல வெயிலில் நட்ட டிராப்பிக்கல் செடி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் மொட்டு விடும். ஒரு பூ மூன்று நாலு நாள் திறந்து மூடும். முதல் நாள் காலையில் பூவுக்குள் குனிந்து பாருங்கள்: நடுவில் சின்னக் கிண்ணம் போல ஒரு குழி, அதில் தெளிந்த நீர் ததும்பி நிற்கும். அன்றைக்குப் பூ பெண். சுற்றி நிற்கும் வழுக்கலான மகரந்தத் தாள்களில் கால் வைக்கிற சிறு தேனீ சில சமயம் சறுக்கி அந்த நீரில் விழுந்து முங்கிவிடும். அதன் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் அங்கே கழுவுப்படும். இரண்டாம் நாள் நீர் வற்றி, தாள்கள் மகரந்தம் உதிர்க்கத் தொடங்கும். பூ முடிந்ததும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். விதை வேண்டாம் என்றால் அப்போதே காம்பை அடியோடு கிள்ளி எடுங்கள்.

வாராந்தர வேலை

அதிகம் இல்லை. மஞ்சளான இலையைக் காம்போடு அடியில் கிள்ளுங்கள். பாதிக் காம்பை விட்டால் அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஓர் இலையின் ஆயுளே மூன்று நாலு வாரம்தான், ஓரத்து இலை பழுப்பதற்கெல்லாம் மருந்து தேட வேண்டாம். கோடையில் வாரத்துக்கு 4 முதல் 6 செ.மீ. தண்ணீர் ஆவியாகும், அதை ஈடுகட்டுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை மாதம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இலை ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாவதுதான் உப்பு கூடியதற்கு அடையாளம். வடகிழக்குப் பருவமழை நாலு நாள் கொட்டினால் தொட்டி தானே கழுவப்பட்டுவிடும்.

அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது என்றால், 12 மணியிலிருந்து 3 மணி வரை மட்டும் நிழல் விழும்படி மெல்லிய பசுமை வலையைக் கட்டுங்கள். நாள் முழுக்க மூடினால் பூ நின்றுவிடும்.

கொசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். 100 லிட்டர் தொட்டிக்கு ஐந்தாறு கப்பி மீன்கள் போதும். அவற்றுக்குத் தீனி போடாதீர்கள், போட்டால் புழுவைத் தேடாது. மிச்சத் தீனி மட்கித் தண்ணீரில் சத்தாகும். மீன் வேண்டாம் என்பவர்கள் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாப் பொடியை உறையில் உள்ள அளவுப்படி வாரம் ஒரு முறை தூவலாம். கோல்டு ஃபிஷ், கோய் இரண்டும் சேற்றைக் கிளறும், ஜிலேபி மீன் செடியையே தின்னும். சின்னத் தொட்டியில் மூன்றும் கூடாது.

என்ன கோளாறு, ஏன்

தண்ணீர் பச்சையாவது. முதல் மாதத்தில் எல்லாத் தொட்டியும் பச்சையாகும். இதைப் பார்த்துப் பதறித் தண்ணீரை முழுக்க மாற்றினால், புதுத் தண்ணீரிலுள்ள சத்தோடு பாசி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாற்றி மாற்றி ஆறு மாதமாகப் பச்சைத் தண்ணீர் வைத்திருப்பவர்கள் உண்டு. சும்மா விடுங்கள். மீன் கடையில் கிடைக்கும் ஹைட்ரில்லாவை இரண்டு கைப்பிடி போட்டு வையுங்கள், தண்ணீரிலுள்ள சத்தை அது உறிஞ்சும். அல்லி இலை தண்ணீர்ப் பரப்பில் 60 சதவீதத்தை மூடியதும் வெளிச்சம் குறைந்து, தண்ணீர் தானே தெளியும். மூன்று மாதம் கழித்தும் பச்சை மாறவில்லை என்றால் சேற்றிலிருந்து உரம் கசிகிறது. மேல் மணலைக் கூட்டுங்கள், உரத்தைக் குறையுங்கள். முடி மாதிரி நீளும் நூல்பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றி இழுத்துவிடலாம்.

இலை உண்டு, பூ இல்லை. முதலில் வெயில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அது சரியென்றால் உரம் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள். இரண்டும் சரி, ஆனாலும் இலைகள் சின்னதாகி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு மேல் தூக்கி நிற்கின்றன என்றால் பேசின் நிரம்பிவிட்டது, பிரித்து நட வேண்டிய நேரம்.

இலையில் நீள்வட்டமாகக் கத்தரித்தாற்போல் துண்டு காணாமல் போவது. இது ஓர் அந்துப்பூச்சியின் புழு செய்கிற வேலை. இலையில் ஒரு துண்டை வெட்டி, அதை இன்னொரு துண்டோடு பட்டு நூலால் சேர்த்துத் தைத்து, நடுவில் தான் படுத்துக்கொண்டு படகு மாதிரி மிதந்து போகும். மிதக்கிற இலைத் துண்டுகளைப் பொறுக்கிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும். கையால் பொறுக்குவதே போதும். அதிகமானால் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி வகைப் பொடியைக் கரைத்து மாலையில் இலை மேல் தெளிக்கலாம், மீனுக்குக் கெடுதல் இல்லை.

கறுப்பு அசுவினி இலை மேலும் மொட்டுக் காம்பிலும் மொய்க்கும். ஒரு வலைத் துண்டை விரித்து ஓரங்களில் கல் வைத்து இலைகளை நாலைந்து மணி நேரம் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் பூச்சி கழன்று மிதக்கும், மீன் தின்றுவிடும். சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய்க் கரைசல் எதையும் மீன் உள்ள தொட்டியில் அடிக்காதீர்கள். இலையின் அடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை, வழித்தெடுத்துவிடுங்கள். சுருள் ஓட்டுக் குட்டி நத்தைகள் பெரும்பாலும் பாசியும் அழுகலும் தின்பவை, இருந்தால் இருக்கட்டும். பெரிய ஆப்பிள் நத்தை இலையை மேய்ந்துவிடும்.

ஒரே வாரத்தில் எல்லா இலையும் மஞ்சளாகி, இழுத்தால் அடியிலிருந்து கையோடு வந்துவிட்டால் அது குருத்தழுகல். நடும்போது புதைந்துபோன குருத்து, மட்காத எரு, அல்லது தொற்றோடு வந்த கிழங்கு காரணமாக இருக்கும். டிராப்பிக்கல் என்றால் பெரும்பாலும் தேறாது. ஹார்டி கிழங்கில் கெட்டியான வெள்ளைப் பாகம் மிச்சம் இருந்தால், அதுவரை வெட்டிப் பெர்மாங்கனேட்டில் நனைத்துப் புது மண்ணில், வேறு தொட்டியில் நட்டுப் பார்க்கலாம். பழைய மண்ணை மற்ற அல்லிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பிரித்து நடுவது, பெருக்குவது

வருஷத்துக்கு ஒரு முறை, மாசி கடைசியில் அல்லது பங்குனியில் பேசினை வெளியே எடுங்கள். ஹார்டி கிழங்கைக் கழுவி, குருத்துள்ள நுனியோடு 8 செ.மீ. துண்டாக வெட்டிப் புது மண்ணில் நடுங்கள். பக்கக் கண்கள் இருந்தால் அவற்றையும் 5 செ.மீ. துண்டோடு தனியே நடலாம். குருத்தில்லாத பழைய நடுப்பாகம் குப்பைக்கு. மிச்சமாகும் செடியை யாருக்காவது கொடுங்கள். ஊர் ஏரியில் வீச வேண்டாம், கலப்பின வகைகளுக்கு அங்கே வேலையில்லை.

டாபன் மாதிரி இலையில் குட்டி போடும் வகைகளில், காம்பும் இலையும் சேருமிடத்தில் முதலில் பச்சை மரு போல ஒரு முண்டு தெரியும், பிறகு அதிலிருந்து குட்டி இலைகள் வரும். குட்டிக்கு மூன்று இலை வந்ததும் தாய் இலையைக் காம்போடு வெட்டி, ஒரு சின்னச் சட்டிச் சேற்றின் மேல் பரப்பி, நகர்ந்துவிடாமல் கூழாங்கல் வைத்து, 3 செ.மீ. தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும், தாய் இலை அழுகிப் பிரிந்துவிடும்.

மற்ற டிராப்பிக்கல் வகைகளைக் கிழங்கிலிருந்துதான் பெருக்க வேண்டும். பேசினைக் கவிழ்க்கும்போது குருத்துக்கு அடியில் கொட்டைப்பாக்கு முதல் எலுமிச்சை அளவு வரை கறுத்த உருண்டை தட்டுப்படும். அதைத் தனியே எடுத்துக் கழுவி, ஈர மணலில் முக்கால்வாசி புதைத்து, மேலே 5 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி வெயிலில் வையுங்கள். கிழங்கின் தலையிலிருந்து மெல்லிய வெள்ளைத் தண்டு நீண்டு, அதன் நுனியில் ஒரு குட்டிச் செடி உருவாகும். குட்டிக்குச் சொந்த வேர் வந்ததும் தண்டைக் கிள்ளிப் பிரித்து நட்டுவிடலாம். கிழங்கை எறிய வேண்டாம். அதே மணலில் விட்டு வைத்தால் பெரும்பாலும் இன்னொரு தண்டு விடும்.